வெயில் காலத்தில் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பனியன்? முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை பகல் வெப்பம் 95 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். காற்றில் இருக்கும் ஈரம் சென்னைக்குக் கொஞ்சமும் குறையாது. இந்த மாதங்களில் துப்பாக்கியை மேல்சட்டைக்கு உள்ளே மறைத்து அணியத் தொடங்குகிறவர்கள் பலர் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். இடுப்பில் தோல் கன்றிப் போகிறது, வேர்க்குரு வருகிறது, அப்புறம் துப்பாக்கி காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள் போய்விடுகிறது. காருக்குள் விட்டுவிட்டுப் போகும் துப்பாக்கிதான் மிக எளிதாகத் திருடு போகும். அதனால் பனியன் விஷயத்தை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

வார இறுதிகளில் சுடுதளத்தில் புதியவர்களுக்கு உதவியாக நிற்கிறேன். நம்மவர்களும் வருகிறார்கள். இரவு பதினொரு மணிக்குக் கல்லாவை எண்ணி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிற கேஸ் ஸ்டேஷன்காரர், மோட்டல் நடத்துகிறவர், தனியாக நெடுந்தூரம் கார் ஓட்டுகிற நர்ஸ் என்று பலவிதம். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தவறிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: துணியைப் பார்த்துப் பனியன் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது முதலில் நீளம். துணி அதற்கு அடுத்துத்தான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் பணமும் தோலும் மிச்சம்.

1. சட்டத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

இதை நீட்ட மாட்டேன், ஆனால் தாண்டியும் போக முடியாது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம் சமூகத்தில் இது தெரியாமல் பேசுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலும் கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுத்துவிடுங்கள். வகுப்பில் உட்கார்ந்து சட்டம் படிப்பீர்கள், டெக்சாஸ் உரிமத்தை ஏற்கிற மற்ற மாநிலங்களுக்குப் போகும்போதும் அது உதவும். தபால் நிலையம், பள்ளிக்கூடம், வாசலில் சிவப்பு எழுத்தில் 51% பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற மது விற்பனையிலிருந்து வருகிறது என்பதன் அடையாளம்) மாட்டிய மதுக்கூடம் ஆகியவற்றுக்குள் கொண்டு போகக் கூடாது. உங்கள் நாளில் எத்தனை முறை துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டி வரும் என்பது இதிலிருந்து தெரியும். பனியனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, பின்னால் வருகிறேன்.

2. ஹோல்ஸ்டர், பெல்ட், பேன்ட் மூன்றும் முடிவான பிறகே பனியன்

பனியன் எங்கே உரசும், எங்கே நனையும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையெல்லாம் ஹோல்ஸ்டர்தான், அதாவது துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறைதான், தீர்மானிக்கிறது. ஹோல்ஸ்டரை மாற்றினால் பனியனையும் மாற்ற வேண்டி வரும். போன வருடம் ஒருவர் விலை உயர்ந்த பனியன் ஆறு வாங்கிவிட்டு, அடுத்த மாதமே துப்பாக்கியை இடுப்பின் பக்கத்திலிருந்து வயிற்றுக்கு முன்னால் மாற்றினார். ஆறும் குட்டையாகப் போயின.

ஹோல்ஸ்டரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ட்ரிக்கர் பகுதியை முழுவதும் மூடுகிற விறைப்பான பொருளாக இருக்க வேண்டும். கைடெக்ஸ் பிளாஸ்டிக் அதற்குத்தான் பயன்படுகிறது. அடுத்து, உடம்பை ஒட்டிய பக்கம் துப்பாக்கியின் பின்முனை வரை உயர்ந்து நிற்கும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வைத் தடுப்பு என்று அதைச் சொல்வார்கள். அது இருந்தால் பனியனுக்கு வேலை பாதி குறைந்துவிடும், துப்பாக்கி துருப்பிடிப்பதும் குறையும். மூன்றாவது, ஓரங்கள். விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குக் கூராகத் தெரிகிற ஓரம் எட்டு மணி நேரத்தில் எந்தப் பனியனையும் தாண்டித் தோலைக் கன்றவைக்கும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிடலாம்.

குண்டு நிரப்பிய நடுத்தர அளவுப் பிஸ்டல் ஒன்று சுமார் 850 கிராம் எடை வரும். சாதாரண பெல்ட் இந்த எடையில் தொய்ந்து, துப்பாக்கி நடக்க நடக்க ஆடும். ஆடுகிற பொருள்தான் உரசும். புண்ணுக்குப் பனியனைக் குறை சொல்லி வருகிறவர்களில் பலருக்கு நான் முதலில் மாற்றச் சொல்வது பெல்ட்டைத்தான்.

பேன்ட் இடுப்பளவு வழக்கத்தைவிட ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை கூடுதலாக இருக்கட்டும். ஹோல்ஸ்டரும் பனியனும் உள்ளே போக இடம் வேண்டும். இறுக்கமான பேன்ட்டில் எந்தத் துணியாலும் காற்றோட்டம் தர முடியாது.

3. நீளத்தை அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

பனியனின் உண்மையான வேலை, தோலுக்கும் ஹோல்ஸ்டருக்கும் நடுவே ஒரு சுவராக இருப்பது. பனியன் பேன்ட்டுக்குள்ளிருந்து மேலே ஏறிவிட்டால் அந்தச் சுவர் இல்லை. அப்போது அது உலகத்திலேயே மென்மையான துணியாக இருந்தாலும் பயனில்லை. கூடவே, ஏறிய துணி ஹோல்ஸ்டரின் வாய்க்கு அருகே சுருண்டு நிற்கும். அது ஆபத்து.

அளப்பது எளிது. பேன்ட், பெல்ட், காலி ஹோல்ஸ்டர் அணிந்துகொள்ளுங்கள். கழுத்தை ஒட்டிய தோள்மேட்டிலிருந்து, மார்பு வழியாக, பெல்ட்டின் மேல்விளிம்பு வரை தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் குனிவீர்கள், அளவு தவறும். அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி மறுபடி அளக்க வேண்டும். கை தூக்கும்போது பனியன் எவ்வளவு மேலே போகும் என்பது இதில் தெரியும். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு அதோடு ஆறு அங்குலம் கூட்டுங்கள். வயிற்றுக்கு முன்னால் அணிகிறவர்கள் ஏழு கூட்டலாம். உட்காரும்போது துப்பாக்கியின் பிடி வயிற்றை அழுத்த, பனியன் மேல்நோக்கி இழுபடும் என்பதால்தான் இந்தக் கூடுதல்.

உதாரணத்துக்கு, கை தூக்கிய நிலையில் 24 அங்குலம் வந்தால் உங்களுக்கு வேண்டியது 30 அங்குலப் பனியன். இங்கே எல் அளவுப் பனியன்கள் பெரும்பாலும் 30 அங்குலத்தை ஒட்டி வரும். துவைத்தபின் அது இருக்காது. பருத்தி ஐந்து விழுக்காடு சுருங்கினாலே ஒன்றரை அங்குலம் போய்விடும். அதனால் ‘டால்’ என்று முத்திரை போட்ட நீள வகையைத் தேடுங்கள். அதே மார்பளவில் சுமார் இரண்டு அங்குலம் கூடுதல் நீளம் கிடைக்கும். நீளம் போதவில்லையென்று மார்பளவை ஒரு சுற்று ஏற்றி வாங்காதீர்கள். பக்கவாட்டில் மிஞ்சுகிற துணி மடிப்பாகி ஹோல்ஸ்டருக்குக் கீழேயே போய் உட்காரும்.

ஊரிலிருந்து டஜன் கணக்கில் கொண்டுவருகிற கையில்லாத வெள்ளைப் பனியன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 90, 95 என்று சென்டிமீட்டரில் மார்பளவு போட்டு வருமே, அதுதான். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு, வீட்டுக்கு, அதைவிட இதமானது இல்லை. ஆனால் துப்பாக்கிக்கு அடியில் அணியச் சரிப்படாது. அக்குள் வெட்டு ஆழமாக இருப்பதால் வியர்வை நேராக மேல்சட்டைக்குப் போகிறது. மேல்சட்டை உடம்போடு ஒட்டினால் துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியும். இங்கே அதைப் ‘பிரிண்ட் ஆகிறது’ என்பார்கள். மெல்லிய ரிப் துணி, பிடியின் சொரசொரப்பில் ஒரு மாதத்தில் ஓட்டை விழுந்தும் விடும்.

4. ஊருக்கு ஏற்ற துணி

எந்தத் துணி நல்லது என்ற கேள்விக்கு ஊர் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஹூஸ்டனும் பீனிக்ஸும் வெயிலில் ஒன்றல்ல. பீனிக்ஸில் வெப்பம் கூடுதல், காற்று உலர்ந்தது. வியர்வை வந்தவுடன் ஆவியாகும். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மயாமி போன்ற இடங்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாவது மெதுவாகத்தான். துணிக்குள் தங்கும். நனைந்த தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாகப் பற்றிப் பிடித்து உரசும். புண் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாதாரண அறைக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல்) சுமார் 12, கம்பளி சுமார் 15. இது காற்றிலிருந்து மட்டும் எடுக்கிற ஈரம். வியர்வையில் நனையும்போது கதை வேறு, ஆனால் எந்த நூல் தண்ணீரை உள்ளே இழுக்கிறது, எது வெளிப்புறத்திலேயே ஓடவிடுகிறது என்பதற்கு இந்த எண்களே நல்ல அடையாளம்.

பருத்தி: உலர்ந்த வெயிலுக்கு நல்லது. நனைந்த பருத்தி மெதுவாக உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கும். ஈர வெயிலில் அதே குணம் எதிரி. காலையில் நனைந்தால் மாலைவரை நனைந்தே இருக்கும். ஹோல்ஸ்டர் அழுத்துகிற இடத்தில் காற்றே படாது என்பதால் அங்கே உலரவே உலராது. வேர்க்குரு, படர்தாமரை எல்லாம் அந்த இடத்தில் தொடங்கும். ஹூஸ்டனில் முழுப் பருத்தியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாலியஸ்டர்: சீக்கிரம் உலரும், விலை குறைவு, சொரசொரப்பைத் தாங்கும். குறை, நாற்றம். தோல் எண்ணெயை அது விடாமல் பிடித்துக்கொள்வதால் சில மாதங்களில் துவைத்த பனியனிலேயே வாடை வரும். முழுவதும் வழுவழுப்பான விளையாட்டுத் துணியில் இன்னொரு தொல்லை: பேன்ட்டுக்குள்ளிருந்து வழுக்கி மேலே வந்துவிடும். நீளம் கூடுதலாக எடுத்தால் சமாளிக்கலாம்.

மெரினோ கம்பளி: கம்பளி என்றவுடன் முகம் சுளிப்பார்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் அல்லது அதற்குக் குறைவான மெல்லிய மெரினோவைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். குத்தாமல் இருக்க நூலிழை 19 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரத்தை உள்ளே வாங்கினாலும் தொடும்போது நனைந்த மாதிரி தெரியாது, இரண்டு மூன்று நாள் அணிந்தாலும் நாறாது. ஆனால் விலை அதிகம், சொரசொரப்பான பிடி இருந்தால் சீக்கிரம் நைந்துவிடும். கொஞ்சம் நைலான் கலந்த மெரினோ என்றால் அந்தக் குறை பாதி தீரும். நான் வேனிலில் அணிவது அதுதான்.

மூங்கில்: கடையில் ‘மூங்கில் பனியன்’ என்று எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். அமெரிக்க விதிப்படி முத்திரையிலும் அப்படித்தான் போட வேண்டும். தொட்டால் பட்டுப்போல இருக்கும், முதல் இரண்டு மணி நேரம் அருமை. அப்புறம் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். குளிர்சாதன அறையில் நாள் முழுவதும் இருப்பவருக்குப் போதும். மோடல் அதே குடும்பம்தான், கொஞ்சம் உறுதியானது.

எதை எடுத்தாலும் ஐந்து முதல் எட்டு விழுக்காடு எலாஸ்டேன் கலந்திருக்கட்டும். ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று முத்திரையில் இருக்கும். அது இருந்தால் பனியன் உடம்போடு படிந்து நிற்கும், மடிப்பு விழாது. பத்துக்கு மேல் போனால் வெப்பத்தை அடைத்துவைக்கும்.

ஒரே ஒரு பனியன்தான் வாங்க முடியும், இருப்பது ஹூஸ்டன் மாதிரி ஈர ஊர் என்றால், பாலியஸ்டரும் மோடலும் கலந்து கொஞ்சம் எலாஸ்டேன் சேர்ந்ததை எடுங்கள்.

5. தையல், கழுத்து, கை, நிறம்

பனியனை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பக்கத்தையல் ஹோல்ஸ்டர் அமருகிற இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வலது இடுப்பில் அணிகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரும். 850 கிராம் எடை அந்தத் தையலைத் தோலுக்குள் அழுத்தும். பக்கத்தையலே இல்லாமல் குழாயாகப் பின்னிய பனியன் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் தட்டையாகப் படுகிற தையல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திருப்பூரில் தைத்து இங்கே வருகிற பனியன்களில் இரண்டு வகையும் உண்டு, விலையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பட்டன் திறந்து அணிகிறவர்களுக்கு ‘வி’ கழுத்து. கை வைத்ததா, கையில்லாததா என்றால் கை வைத்ததே. அக்குள் வியர்வை மேல்சட்டைக்குப் போகாது.

நிறத்தில் நம்மவர்கள் தவறாமல் வெள்ளை எடுப்பார்கள். மாநிறத் தோலில், வெளிர் மேல்சட்டைக்கு அடியில் வெள்ளைப் பனியனின் கழுத்தும் கையும் பளிச்சென்று தெரியும். தோலை ஒட்டிய பழுப்பு, அல்லது அடர் சாம்பல் எடுத்தால் தெரியாது. வெளிர் சாம்பல் வேண்டாம். ஒரு சொட்டு வியர்வையும் அதில் கறுப்பாகத் தெரியும்.

6. ஹோல்ஸ்டர் பை தைத்த பனியன் பற்றி

பனியனிலேயே அக்குளுக்குக் கீழே பை தைத்து விற்கிறார்கள். பனியனும் ஹோல்ஸ்டரும் ஒன்றாகவே கிடைக்கிறதே என்று புதியவர்களுக்கு ஆசை வரும். வெயில் காலத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். எடையைத் தாங்க அது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், இறுக்கம் என்றால் வெப்பம். துவைக்கப் போட்டால் ஹோல்ஸ்டரும் துவைக்கப் போய்விடும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம், மென்மையான துணிப்பை ட்ரிக்கரைக் காக்காது. வெளியிலிருந்து அழுத்தினால் துணி வழியாகவே ட்ரிக்கர் அழுந்தலாம்.

7. ஒன்று வாங்குங்கள், மூன்று முறை துவைத்து அளங்கள்

ஆறு சேர்த்து வாங்கினால் விலை குறைவுதான். பொறுங்கள். முதலில் ஒன்று. வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே மூன்று முறை துவைத்து, டிரையரில் போட்டு உலர்த்தி, படி 3-இல் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். முதல் சலவையில்தான் பெரும்பகுதி சுருங்கும், ஆனால் டிரையரின் சூட்டில் அடுத்த இரண்டு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். மூன்று முறைக்குப் பிறகும் நீளம் நிற்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் வீட்டுக்கு அணிந்துகொள்ளுங்கள்.

8. அணியும் வரிசை

உள்ளாடை, பனியன், பேன்ட். பேன்ட்டை இடுப்புவரை ஏற்றிவிட்டு, பட்டன் போடுவதற்கு முன், பனியனை உள்ளே விட்டு இரண்டு கைகளாலும் கீழ்நோக்கி இழுத்துத் தடவிவிடுங்கள். பனியனை உள்ளாடைக்குள் விடலாமா என்று கேட்பார்கள். விட்டால் ஏறாது, உண்மைதான். ஆனால் இடுப்பு எலாஸ்டிக்கின் கீழே துணி திரண்டு, அங்கே ஈரம் தங்கும். நீளம் சரியாக இருந்தால் உள்ளாடைக்கு வெளியே விட்டாலே நிற்கும். நீளம் போதாதவர்கள்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது.

மடிப்பு விழுந்தே தீரும் என்றால் அதை ஹோல்ஸ்டர் இல்லாத பக்கம் தள்ளுங்கள். ஹோல்ஸ்டர் அமருகிற உள்ளங்கை அளவு இடத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது.

அப்புறம் ஹோல்ஸ்டர். துப்பாக்கி ஏற்கனவே ஹோல்ஸ்டருக்குள் இருக்கும் நிலையில், இரண்டையும் ஒன்றாகப் பனியனுக்கு வெளியே, பேன்ட்டுக்கு உள்ளே செருகி, பெல்ட்டோடு மாட்டுங்கள். காலி ஹோல்ஸ்டரை முதலில் மாட்டிவிட்டுத் துப்பாக்கியைப் பிறகு உள்ளே தள்ளினால், ட்ரிக்கர் மூடப்படாத துப்பாக்கி உங்கள் உடம்பை நோக்கி நகர்கிறது. ஒன்றாக மாட்டினால் ட்ரிக்கர் ஒரு நொடிகூட வெளியே இல்லை. கழற்றும்போதும் இப்படியே, ஹோல்ஸ்டரோடு சேர்த்து.

கடைசியில் மேல்சட்டை, பேன்ட்டுக்கு வெளியே. கட்டம் போட்டதோ பூப்போட்டதோ நல்லது. வெற்று வெளிர் நிறத்தில் துப்பாக்கியின் நிழல் தெரியும்.

வேட்டி கட்டுகிற நாளில் துப்பாக்கி வீட்டில் பூட்டிய பெட்டகத்தில் இருக்கட்டும். எந்த ஹோல்ஸ்டரும் பிடித்து நிற்க அங்கே பெல்ட் இல்லை. பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பும்போது என் வீட்டில் இது பழக்கமாகிவிட்டது.

9. வீட்டில் சோதனை

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். மேகசினை (குண்டுகள் அடுக்கிய பெட்டியை) வெளியே எடுத்து, ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் குண்டு அமரும் இடம் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குண்டுகள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம் மறுபடி ஒருமுறை பாருங்கள். காலியான துப்பாக்கியையும் ஆளை நோக்கித் திருப்பக் கூடாது.

அன்றாடம் செய்கிற அசைவுகளைச் செய்யுங்கள். காரில் ஏறி சீட் பெல்ட் போடுங்கள், இறங்குங்கள். மேல் அலமாரியில் டப்பா எடுங்கள். குனிந்து செருப்பு மாட்டுங்கள். குழந்தையைத் தூக்குகிறவர் என்றால் அரிசி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பனியன் பெல்ட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். காரில் ஏறி இறங்கும்போதுதான் அதிகம் ஏறும்.

அடுத்து, துப்பாக்கியை மெதுவாக இருபது முறை எடுங்கள். கை பிடியைப் பற்றும்போது பனியன் துணியும் சேர்ந்து மாட்டுகிறதா என்று கவனியுங்கள். ஒருமுறை மாட்டினாலும் அந்தப் பனியன் தொளதொளப்பு என்று அர்த்தம்.

திரும்ப வைப்பதுதான் இந்த முழு வழிகாட்டியிலேயே நிதானம் தேவைப்படும் இடம். பனியனின் மடிப்போ, மேல்சட்டையின் ஓரமோ, இடுப்புக் கயிறோ ஹோல்ஸ்டருக்குள் துப்பாக்கியோடு சேர்ந்து போனால், அது ட்ரிக்கரை அழுத்திக் குண்டு பாயலாம். அப்படிக் காலில் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இடது கையால் மேல்சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பார்த்து, துணி இல்லை என்று உறுதி செய்து, விரலை ட்ரிக்கரிலிருந்து விலக்கி நீட்டியபடி, மெதுவாக வையுங்கள். எங்கேயாவது தடுத்தால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து, ஏன் தடுக்கிறது என்று பாருங்கள். திரும்ப வைப்பதற்கு அவசரம் என்று ஒன்று கிடையாது.

10. ஒரு முழு நாள், அப்புறம் தோலைப் பாருங்கள்

சனிக்கிழமை ஒன்றை ஒதுக்குங்கள். காலையிலிருந்து மாலைவரை எட்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரமாவது வெளியே வெயிலில். இரவு கழற்றியவுடன், குளிப்பதற்கு முன், கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். தோலில் இருக்கிற தடத்தை வைத்தே எங்கே தவறு என்று சொல்லிவிடலாம்.

நேர்க்கோடாகச் சிவந்திருந்தால் தையல். கோடு வளைந்திருந்தால் அது ஹோல்ஸ்டரின் ஓரம், உப்புத்தாள் எடுங்கள். பெல்ட்டுக்கு மேலே புள்ளி புள்ளியாகச் சொரசொரத்திருந்தால் துப்பாக்கியின் பிடி பனியனைத் தாண்டி உரசியிருக்கிறது. துணி மெல்லியது, அல்லது ஹோல்ஸ்டரில் வியர்வைத் தடுப்பு குட்டை. ஒழுங்கற்ற கீற்றுகளாக ஆழமான தடம் என்றால் பனியனில் மடிப்பு. உள்ளங்கை அளவுக்குப் பரவலாகச் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள் என்றால் ஈரம் தங்கியிருக்கிறது, துணியை மாற்ற வேண்டும். பெல்ட்டுக்குக் கீழே தோல் வழன்று எரிந்தால் பனியன் ஏறிவிட்டிருக்கிறது, நீளம் போதவில்லை.

அரைமணி நேரத்தில் மறைகிற சிவப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மறுநாள் காலையிலும் இருந்தால் அந்தப் பனியனை நிறுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. நம்மில் அது நிறையப் பேருக்கு உண்டு. சின்ன உரசலும் ஆறாத புண்ணாகலாம்.

தோல் சிவந்திருக்கும்போது பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து பசையாகி இன்னும் உரசும், துப்பாக்கிக்குள்ளும் போகும்.

11. நடுப்பகலில் மாற்றாதீர்கள்

நனைந்துவிட்டது என்று வேலையிடத்துக் கழிவறையில் பனியன் மாற்றுவது புதியவர்களின் பழக்கம். அதற்குத் துப்பாக்கியைக் கழற்றி எங்காவது வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டு மறந்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்து நினைவு வந்து ஓடினார், யார் கையிலும் படவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் அவருக்குக் கை நடுங்குகிறது.

நாள் முழுவதும் தாங்குகிற பனியன் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். தபால் நிலையம், பள்ளி என்று கழற்ற வேண்டிய இடங்கள் உங்கள் நாளில் ஏற்கனவே இருக்கின்றன. வீட்டில் மாற்றிக்கொள்ள முடியாது என்றால் படி 4-க்குத் திரும்பி வேறு துணி பாருங்கள்.

12. துவைப்பதும் துடைப்பதும்

துணி மென்மையாக்கும் திரவத்தைப் பாலியஸ்டர், மெரினோ இரண்டிலும் ஊற்றாதீர்கள். நூலின்மேல் ஒரு படலமாகப் படிந்து, வியர்வையை இழுக்கும் குணத்தையே கெடுத்துவிடும். உள்புறம் வெளியே இருக்கும்படி திருப்பிப் போடுங்கள், அழுக்கு அந்தப் பக்கம்தான். வாடை ஏறிய பாலியஸ்டரை, துவைப்பதற்கு முன் அரைமணி நேரம் வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் பெருமளவு போகும். டிரையரில் குறைந்த சூடு போதும், மெரினோவைக் கொடியில் நிழலில் போடுங்கள்.

வாரத்துக்குப் பாலியஸ்டர் கலப்பு என்றால் ஏழு, மெரினோ என்றால் மூன்று போதும்.

பனியன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வியர்வையின் உப்பு துப்பாக்கிக்குப் போய்ச் சேரும். திருகுகள், குறிபார்க்கும் முனைகள், மேகசினின் பக்கங்கள் ஆகியவற்றில் முதலில் துரு தெரியும். வேனிலில் வாரம் ஒருமுறை காலி செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். எண்ணெய் அதிகமானால் பனியனில் கறை ஏறும், போகாது. ஹோல்ஸ்டரின் உள்புறத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுவதும் உலரவிடுங்கள். பனியனிலிருந்து உதிரும் பஞ்சு அங்கேதான் சேர்கிறது.

மாதம் ஒருமுறை பனியனை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஹோல்ஸ்டர் அமருகிற இடத்தில் மற்ற இடத்தைவிட வெளிச்சம் அதிகம் ஊடுருவினால் அங்கே துணி நைந்துவிட்டது. கீழோரம் சுருண்டு, இழுத்துவிட்டாலும் படியாமல் நிற்கிற பனியனும் அப்படித்தான். இரண்டையும் கார் துடைக்க எடுத்துவைத்துவிட்டு, அடுத்ததை வாங்கும்போது நீளத்தை மறுபடி ஒருமுறை அளந்து வாங்குங்கள். அதே கடை, அதே அளவு என்றாலும் ஒரு தொகுப்புக்கும் இன்னொரு தொகுப்புக்கும் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் வந்ததை நானே அளந்து பார்த்திருக்கிறேன்.